புள்ளி வச்ச எழுத்தும் பார்கின்சனும்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர் வணக்கம். அப்பாவுக்கு 63 வயசு, போன வருஷம் பார்கின்சன்னு சொன்னாங்க. வலது கை நடுங்குது, கையெழுத்து போட ஆரம்பிச்சா போகப்போக எறும்பு சைஸுக்கு சின்னதாயிடுது, சட்டை பட்டன் போடவே ரொம்ப நேரம் ஆகுது. தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா யாருக்கும் இது இருந்ததில்ல. அப்பா 30 வருஷம் வயலுக்கு மருந்து அடிச்சவர், மூக்குல ஒரு துண்டு கட்டிப்பார், அவ்ளோதான். இப்ப தம்பி அடிக்கிறான். அப்பா எல்லாம் என் தலையெழுத்துனு சொல்லிட்டு மாத்திரைய ஒழுங்கா போட மாட்டேங்குறார். மருந்து அடிச்சதாலதான் வந்துச்சா? எபிஜெனெடிக்ஸ்னு படிச்சேன், அது பிள்ளைங்களுக்கும் கடத்துமாமே, நாங்க பயப்படணுமா?
(பெயர் வேண்டாம்னு கேட்ட வாசகி)

பதில்: உங்க லெட்டர்ல தலையெழுத்துங்கிற வார்த்தைய படிச்சதும் அங்கேயே நின்னுட்டேன்மா, ஏன்னா இந்த நோய்ல எழுத்து, அதாவது ஜீன்ல எழுதியிருக்கிறது எவ்ளோ, வெளிய இருந்து வந்தது எவ்ளோங்கிறதுதான் பெரிய கேள்வியே.

முதல்ல ஒண்ணு, குடும்பத்துல யாருக்கும் இல்லாம வர்றதுதான் இதுல வழக்கம். ஒரே ஒரு ஜீன் கெட்டு அதனாலயே நேரா வர்றது நூத்துல 5லேர்ந்து 10 பேருக்குதான். 1999ல ஒரு ஆய்வு வந்துச்சு, இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க ராணுவத்துல இருந்த இரட்டையர்கள் கிட்டத்தட்ட 20,000 பேர எடுத்துப் பார்த்தாங்க. 50 வயசுக்கு மேல நோய் வந்தவங்கள்ல, அச்சு அசலா ஒரே ஜீன் இருக்கிற இரட்டையர்ல அண்ணனுக்கு இருந்தா தம்பிக்கும் இருக்கிறது, சாதாரண இரட்டையரோட ஒப்பிட்டா பெரிசா கூடவே இல்ல. 50க்கு முன்னாடியே வந்தவங்ககிட்டதான் ஜீன் கை ஓங்கியிருந்துச்சு.

அப்ப வெளிய இருந்து வர்றது என்னனு கேட்டா 1982ல கலிஃபோர்னியாவுல நடந்தத சொல்லியாகணும். ஹெராயின் மாதிரினு சொல்லி வித்த ஒரு போதை மருந்த ஊசில ஏத்திக்கிட்ட சில இளவட்டங்க, பேச முடியாம அசைய முடியாம சிலை மாதிரி ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, பார்த்தா அப்படியே முத்திப்போன பார்கின்சன். வில்லியம் லாங்ஸ்டன்ங்கிற நரம்பியல் டாக்டரும் அவர் டீமும் தேடிப்பார்த்தா அந்த சரக்குல எம்பிடிபினு ஒரு கலப்படம். அது மூளைக்குள்ள போய் வேற ஒரு விஷமா மாறி, உடம்பு அசைவுக்கு தேவையான டோபமைன்ங்கிற ரசாயனத்த சுரக்கிற செல்லுக்குள்ள நுழைஞ்சு, அந்த செல்லோட பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியாவ நிறுத்திடுது. அந்த விஷத்தோட வடிவமும் பாராகுவாட்ங்கிற களைக்கொல்லியோட வடிவமும் பங்காளிங்க மாதிரி. ரோட்டினோன்னு ஒரு பூச்சிக்கொல்லி மைட்டோகாண்ட்ரியாவுல அதே இடத்துலதான் கை வைக்கும். 2011ல அமெரிக்காவுல மருந்து அடிக்கிறவங்களையும் அவங்க குடும்பத்தையும் வச்சு பண்ண ஆய்வுல இந்த ரெண்டுல எதையாவது பயன்படுத்துனவங்களுக்கு பார்கின்சன் வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு. 2012ல பிரான்ஸ் அரசாங்கம் பூச்சிமருந்தோட வேலை செய்ற விவசாயிக்கு வர்ற பார்கின்சன தொழில் நோய்னே ஏத்துக்கிச்சு. விவசாயம் மட்டும்னு இல்ல, இரும்புல கிரீஸ் எடுக்கவும் டிரை கிளீனிங்குக்கும் பயன்படுத்துன டிரைகுளோரோஎத்திலீன் குடிதண்ணில கலந்திருந்த ஒரு அமெரிக்க ராணுவ முகாம்ல இருந்தவங்களுக்கு 70 சதவீதம் அதிக ரிஸ்க்னு 2023ல வந்துச்சு.

அப்ப அப்பாவுக்கும் அதனாலதானானு கேட்டா, ஒரு தனி ஆள காட்டி இவருக்கு இதனாலதான்னு எந்த டாக்டராலயும் சத்தியம் பண்ண முடியாதுமா, மருந்து அடிச்சவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த நோய் வர்றதும் இல்ல. பங்கு இருந்திருக்கலாம், அதுவரைக்கும் சொல்லலாம்.

இப்ப எபிஜெனெடிக்ஸ், அதாவது ஜீனோட எழுத்து மாறாமலே அது வேலை செய்ற அளவு மாறுறது. தமிழ்ல க எழுதி மேல ஒரு புள்ளி வச்சா என்ன ஆகுது? எழுத்து அதேதான், ஆனா உள்ள இருந்த உயிர் அடங்கி க் ஆயிடுது. டிஎன்ஏலயும் சைட்டோசின்ங்கிற எழுத்து மேல மெத்தில்னு ஒரு குட்டிப் புள்ளி உட்காரும், சரியான இடத்துல அது நிறைய இருந்தா அந்த ஜீன் சத்தம் குறையும், உதிர்ந்தா சத்தம் கூடும். பார்கின்சன்ல செத்துப்போற செல்லுக்குள்ள குவியுற புரதம் ஆல்ஃபா சைனூக்ளின், அத செய்யுற ஜீன் எஸ்என்சிஏ. ஒரு குடும்பத்துல இந்த ஜீன் 2 காப்பிக்கு பதிலா 4 காப்பி இருக்குன்னு 2003ல கண்டுபிடிச்சாங்க, புரதத்துல ஒரு குறையும் இல்ல, அளவு கூடிப்போச்சு, அது ஒண்ணே பார்கின்சன் வர போதுமா இருந்துச்சு. அதனாலதான் புள்ளிய பத்தி இவ்ளோ கவலைப்படுறோம், காப்பி கூடாமலே புள்ளி உதிர்ந்து சத்தம் கூடுனாலும் அதே திசைலதானே போகும். இறந்துபோன நோயாளிகளோட மூளைய பார்த்த சில ஆய்வுல அந்த ஜீன்ல புள்ளி கம்மியா இருந்துச்சு. 2011ல இன்னொண்ணு, புள்ளி வைக்கிற என்சைமையே இந்தப் புரதம் டிஎன்ஏ இருக்கிற செல் உட்கருவுக்குள்ள இருந்து வெளிய இழுத்துட்டு வந்துடுதுன்னு காட்டுனாங்க, அதாவது புரதம் கூடக்கூட புள்ளி வைக்க ஆளில்ல, ஆளில்லாததால இன்னும் கூடுது. எல்லா ஆய்வுலயும் இது ஒரே மாதிரி வரல, நோய்க்கு முன்னாடியே புள்ளி போச்சா நோய் வந்த பிறகு போச்சாங்கிறதும் இறந்த மூளைய பார்த்து சொல்ற விஷயம் இல்ல.

பிள்ளைங்களுக்கு கடத்துமாங்கிறதுக்கு வரேன். கரு உருவாகுற சமயத்துல இந்தப் புள்ளிகள்ல பெரும்பாலானத உடம்பு அழிச்சிட்டு புதுசா வைக்குது, அப்பா மருந்து அடிச்சதோட புள்ளி பிள்ளைக்கு இறங்கி பார்கின்சன் கொடுத்ததுன்னு மனுஷங்ககிட்ட நிரூபணம் கிடையாது. அப்பா அம்மாவுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கு ரிஸ்க் 2, 3 மடங்கு கூடும்ங்கிறது உண்மை, ஆனா 60 வயசுக்கு மேல நூத்துல சுமார் 1 ஆளுக்கு வர்ற நோய்ல 2, 3 மடங்குன்னா எவ்ளோன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

எனக்கு கவலை உங்க தம்பிய பத்திதான். மருந்து அடிக்கிறவங்கள வச்சு பண்ண அந்த 2011 ஆய்வுல இருந்தவங்களையே 2015ல திரும்ப பார்த்தப்ப, பாராகுவாட்டுக்கும் பார்கின்சனுக்கும் இருந்த தொடர்பு கையுறை போடாதவங்ககிட்டதான் தெரிஞ்சுச்சு, ஒழுங்கான கையுறை போட்டவங்ககிட்ட தெரியல. மூக்குல துண்டு கட்டிட்டு வெறுங்கையால மருந்து கலக்குறது, டேங்க் ஒழுகி முதுகு நனைஞ்ச சட்டையோட சாயங்காலம் வரைக்கும் நிக்கிறது, அடைச்சுக்கிட்ட ஸ்ப்ரேயர் முனைல வாய் வச்சு ஊதுறது, இந்த மூணையும் இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. ரசாயனத்துக்குனு வர்ற ரப்பர் கையுறை போடணும், துணிக் கையுறை மருந்த உறிஞ்சி தோல்லயே பிடிச்சு வச்சுக்கும், அது போடாததவிட மோசம்.

அப்பாகிட்ட, புதுசா பார்கின்சன் இருக்குன்னு தெரிஞ்ச 128 பேர வச்சு 2018ல வந்த ட்ரெட்மில் ஆய்வ சொல்லுங்க, மூச்சு வாங்குற அளவுக்கு வேகமா நடந்தவங்களுக்கு 6 மாசத்துல நோய் அறிகுறி கிட்டத்தட்ட அதே இடத்துல நின்னுச்சு, சும்மா இருந்தவங்களுக்கு கூடிப்போச்சு. இதயத்த செக் பண்ணிட்டு ஆரம்பிக்கலாம். மாத்திரைய நேரம் தவறாம போட்டா அப்படி நடக்குறது அவருக்கு சுலபமா இருக்கும்.

கேள்வி: சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு பார்கின்சன் வராதுன்னு நண்பர் சொல்றார், நிஜமா டாக்டர்?

பதில்: கணக்குல கம்மியாதான் வருது, காபி குடிக்கிறவங்களுக்கும் அப்படித்தான். ஆனா நோய் வெளிய தெரியறதுக்கு வருஷக்கணக்கா முன்னாடியே டோபமைன் குறைய ஆரம்பிச்சிடும், அப்படிப்பட்டவங்களுக்கு சிகரெட் அவ்ளோ பிடிச்சுப்போறதில்ல, சுலபமா விட்டுடுறாங்கனும் ஒரு விளக்கம் இருக்கு. நுரையீரல் புற்றுநோயயும் மாரடைப்பயும் கூப்பிட்டு வச்சுட்டு இத தடுக்கிறேன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. விட்டுடச் சொல்லுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 58 வயசு. ரெண்டு வருஷமா தூக்கத்துல கத்துறார், யாரையோ அடிக்கிற மாதிரி கைய வீசுறார், ஒரு தடவ கட்டில்ல இருந்தே விழுந்துட்டார். ரத்தத்துல எபிஜெனெடிக் டெஸ்ட் எடுத்தா பார்கின்சன் வருமான்னு தெரிஞ்சிடும்ங்கிறாங்க, எடுக்கலாமா?

பதில்: அந்த டெஸ்ட் வேண்டாம்மா. ரத்தத்துல இருக்கிற புள்ளிய வச்சு ஒருத்தருக்கு நோய் வரும் வராதுன்னு சொல்ற நிலைமைக்கு அது இன்னும் வரல. வயசு, புகை, சாப்பிடுற மாத்திரைன்னு எதுவும் அத மாத்திடும். பார்கின்சனுக்கு கொடுக்கிற லெவோடோபா மாத்திரையே எஸ்என்சிஏ ஜீன்ல புள்ளிய கூட்டுதுன்னு 2015ல பார்த்திருக்காங்க.

நீங்க எழுதியிருக்கிற தூக்க விஷயம்தான் எந்த ரத்த டெஸ்டையும்விட முக்கியம். கனவு காணும்போது உடம்பு அசையாம கட்டிப் போட்ட மாதிரி இருக்கணும், அந்தக் கட்டு அவுந்தா இப்படித்தான் அடிக்கிறதும் உதைக்கிறதும். சில மனச்சோர்வு மாத்திரையாலயும் வரலாம், அதனால அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. ராத்திரி முழுக்க பதிவு பண்ற தூக்க டெஸ்ட்ல இது உறுதியானவங்கள்ல நிறைய பேருக்கு பின்னாடி பார்கின்சனோ அது வகை நோயோ வருது, ஆனா பல வருஷம் கழிச்சும் வரலாம். வாசனை தெரியுதா, மலச்சிக்கல் புதுசா இருக்கா, நடக்கும்போது ரெண்டு கையும் ஒரே மாதிரி வீசுதானு கவனிங்க. அடுத்த தடவ கத்தும்போது போன்ல வீடியோ எடுத்து நரம்பியல் டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் கட்டில் பக்கத்துல கண்ணாடி டம்ளரோ கூர்மையான பொருளோ எதுவும் வேண்டாம், மெத்தைய தரைல போட்டுடுங்க.