முன்சக்கர ஹப் பேரிங்: ஃபோர்வீல் வண்டிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

சுங்கை சிப்புட் வட்டாரத்தின் செம்பனைத் தோட்டங்களிலும் டுரியான் தோட்டங்களிலும் ஃபோர்வீல் வண்டி ஓட்டுவோர், முன்சக்கர ஹப் பேரிங் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப், தடையின்றிச் சுழல உதவும் தாங்கி) தேய்மானம் குறித்துக் கேட்டிருந்தார்கள். தோட்டப் பட்டறையில் நெடுங்காலம் பணியாற்றிய போர்மன் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (டுரியான் தோட்டக்காரர், லாசா): ஐயா, வேகம் அறுபதைத் தாண்டினால் முன்பக்கத்தில் உறுமல் கேட்கிறது. டயர்க் கடையில் அது டயர்ச் சத்தம்தான் என்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது?

பதில்: சேற்று டயர் மாட்டிய வண்டியில் இந்தக் குழப்பம் இயல்பானது. டயரின் சத்தம் சாலையைப் பொறுத்து மாறும். புதிதாகத் தார் போட்ட பகுதிக்கு வந்ததும் குறைந்துவிடும். பேரிங்கின் உறுமல் சாலையைப் பொருட்படுத்தாமல் வேகத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் மெல்ல இடமும் வலமும் வளைத்து ஓட்டிப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரத்தின் மேல் சாய்வதால், அந்நேரத்தில் சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பிறகு ஜேக் போட்டு, ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு பேரிங்கில். நிற்காவிட்டால் சக்கரம் திரும்ப உதவும் மூட்டுகளான பால் ஜாயின்ட்டிலோ கிங்பின்னிலோ இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமலேயே உதிரிபாகக் கடைக்கு ஓடுபவர்கள்தான் அதிகம்.

கேள்வி (தோட்டக் கிராணியார்): போன ஆண்டு மாற்றிய பேரிங் மறுபடியும் போய்விட்டது. மலிவான சரக்கை மாட்டிவிட்டார்களா?

பதில்: இருக்கலாம், ஆனால் நான் முதலில் சீலைத்தான், அதாவது நீர் புகாமல் தடுக்கும் வளையத்தைத்தான், பார்ப்பேன். உங்கள் வண்டி மலைச் சரிவில் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கி, அந்தச் சூட்டோடு ஆற்றில் இறங்குகிறது அல்லவா? சூடான ஹப் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீலின் ஓரமாக நீரை உள்ளிழுத்துக்கொள்ளும். பிரித்துப் பார்த்தால் கிரீஸ் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருக்கும். உருளைகளில் துருப்புள்ளிகள் தெரியும். அதற்கு மாறாக, உருளைகளும் ரேஸும் (உருளைகள் ஓடும் எஃகு வளையம்) நீலம் பாய்ந்து கிடந்தால், ஹப் நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள் அல்லது கிரீஸ் போதவில்லை என்று பொருள். கழற்றிய பழைய பேரிங்கை வீசிவிடாமல் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். புதியதை மாட்டும் முன் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். திட அச்சு கொண்ட பழைய வண்டிகளில் அச்சின் உள் சீல் போயிருந்தால், டிஃபரன்ஷியல் ஆயில் வெளியேறி நக்கிளுக்குள் (சக்கரத்தைத் திருப்பும் மூட்டு) இருக்கும் கிரீஸைக் கரைத்து, கறுப்புக் குழம்பாக வழியச் செய்யும். அந்நிலையில் பேரிங்கை மட்டும் மாற்றுவது பண விரயம்.

கேள்வி (லோரிப் பட்டறை உதவியாளர்): பழைய ஹைலக்ஸில் நானே மாற்ற நினைக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முதலில் 54 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்றை வாங்குங்கள். உளியும் சுத்தியலும் கொண்டு ஹப் நட்டைத் தட்டிக் கழற்றுவது நம் பட்டறைகளில் பழகிப்போன வழக்கம். அதனால் நட்டின் விளிம்பு சிதைவதோடு, எவ்வளவு இறுக்குகிறோம் என்ற கணக்கும் கைவிட்டுப் போகிறது. ஹப் மூடியின் ஸ்டட்களில் (நட்டு ஏறும் மரையாணிகள்) கூம்பு வாஷர்கள் இறுகிக்கொண்டிருக்கும். அவற்றைத் திருப்புளியால் நெம்பாதீர்கள். நட்டை ஸ்டட்டின் நுனிவரை தளர்த்திவிட்டுப் பித்தளைக் கம்பியால் ஸ்டட்டின் தலையில் ஓங்கித் தட்டினால் வாஷர் தானாகத் துள்ளி வெளியே வரும்.

உள், வெளிப் பேரிங்குகளை அவற்றுக்குரிய ரேஸ்களோடு சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ரேஸில் புதிய உருளைகளை ஓடவிட்டால் புதியதும் விரைவில் கெடும். ரேஸை அடித்து இறக்கும்போது சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டுங்கள். அடியில் போய் அமர்ந்ததும் மந்தமான ஓசை மாறி, கணீரென்ற ஓசை கேட்கும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபுறம் உருளைகளுக்கிடையே கிரீஸ் பிதுங்கும்வரை ஊட்ட வேண்டும்.

இனி இறுக்கம். பழைய ஹைலக்ஸ், லேண்ட் குரூசர் வகைகளில் ஹப்பைப் பிடிக்கும் இரண்டு நட்டுகளில் உள் நட்டைச் சுமார் 60 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஹப்பை இருபுறமும் பலமுறை சுழற்றி, நட்டைத் தளர்த்தி, பிறகு சிறிய அளவில் மறுபடியும் இறுக்குவார்கள். சக்கர ஸ்டட்டில் சுருள்வில் தராசை மாட்டி இழுத்தால், ஹப் 2.8 முதல் 5.6 கிலோவுக்குள் நகரத் தொடங்க வேண்டும். மீன் நிறுக்கும் சாதாரணக் கைத்தராசே போதும். வெளியே உள்ள பூட்டு நட்டை இறுக்கிய பின் இந்த அளவு மாறுவதுண்டு என்பதால் இன்னொரு முறை இழுத்துப் பார்த்த பிறகே பூட்டு வாஷரின் காதை மடக்குங்கள்.

கேள்வி (பள்ளி வேன் ஓட்டுநர், சொந்த உபயோகத்திற்குப் புதிய ரக ஃபோர்வீல் வைத்திருப்பவர்): பேரிங் மாற்றியதிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது. ஏன்?

பதில்: புதிய வண்டிகள் பலவற்றில் பேரிங் முழுத் தொகுதியாக வருகிறது, அதில் இறுக்கம் பார்க்கும் வேலை இல்லை. அத்தகைய பேரிங் சிலவற்றின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரை நோக்காமல் தலைகீழாக அழுத்தப்பட்டிருந்தால் வேகம் பதிவாகாது, விளக்கு எரியும். வளையத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தாலும், கழற்றும்போது சென்சார் வயர் இழுபட்டிருந்தாலும் இதே விளைவுதான். ஆகவே வயரை முதலில் பார்த்துவிடுங்கள், அது செலவில்லாத வேலை. பேரிங் தலைகீழாக இருப்பது உறுதியானால் மறுபடியும் பிரெஸ்ஸில் கழற்றியாக வேண்டும். அப்படிக் கழற்றியதைத் திரும்பப் போட முயலாதீர்கள், ஏனெனில் கழற்றும்போது விசை குண்டுகளின் வழியாகப் பாய்ந்து தடத்தில் பள்ளம் விழுந்திருக்கும்.

கேள்வி (செம்பனை மண்டோர்): ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. மறுபக்கத்தைப் பிரித்துக் கழுவிப் பாருங்கள். நன்றாக இருந்தால் புதிய சீலும் கிரீஸும் போட்டால் போதும்.

கேள்வி (இளைஞர், பெயர் வேண்டாம் என்கிறார்): ரிம்மை வெளியே தள்ளி, பெரிய டயர் போட்டிருக்கிறேன். பேரிங்கைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். சக்கரத்தின் நடுக்கோடு எவ்வளவு வெளியே நகர்கிறதோ அந்த அளவுக்கு நெம்புவிசை பேரிங்கின் மேல் ஏறும். அழகு உங்கள் விருப்பம். ஆனால் மற்றவர்களைவிட அடிக்கடி சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி (அதே கிராணியார்): ஹப் முழுவதையும் கிரீஸால் நிரப்பினால் தண்ணீர் நுழையாதல்லவா?

பதில்: நுழையும், ஐயா. நீர் வருவது சீல் வழியாக. அளவுக்கு மிஞ்சிய கிரீஸ் சூடேறி விரிந்து அந்தச் சீலையே வெளியே தள்ளும். முன்சக்கரத்தை அச்சோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் ஃப்ரீவீல் ஹப்புக்குள் புகுந்தால் அதன் பூட்டும் சரியாக விழாது. பேரிங்குகளை நிறைத்து, இடையிலுள்ள வெற்றிடத்தில் மெல்லிய பூச்சு மட்டும் தடவுங்கள். முன்பிருந்த கிரீஸின் வகை தெரியாவிட்டால் அதன்மேல் புதியதை அடைக்காமல், டீசலில் கழுவி நன்றாக உலர்த்திய பிறகே போடுங்கள்.