ராட்டை வாங்க வளையலை வைக்கலாமா?

கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஸ்வெட்டர் பின்னி ஒரு கடைக்குக் கொடுக்கிறார், மாதம் நான்கு உருப்படி. கம்பளியைத் தானே கையால் நூற்றால் நூல் செலவு மிச்சமாகும், கைநூற்பு என்று சொல்லி அதிக விலைக்கும் விற்கலாம் என்று ஆசை. ராட்டை, சிக்கெடுக்கும் இயந்திரம், பயிற்சி எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய். கையில் 25,000 இருக்கிறது. மீதிக்கு வளையலை அடகு வைப்பதா, விற்பவர் சொல்லும் வட்டியில்லாத் தவணையில் வாங்குவதா என்பது கேள்வி. கடிதத்தின் கடைசியில் இன்னொன்றையும் சொல்கிறார்: கொழுந்தனாரின் கடைக்காக மூன்று வருடம் முன்பு ஏழு சவரன் ஆரத்தை அடகுக்கடையில் வைத்து 1,80,000 வாங்கிக் கொடுத்தாராம். ஒன்றரை வட்டி. வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறார்.

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்தக் கடைசிப் பகுதிதான். மாத வட்டி 2,700. மூன்று வருடத்தில் 97,200 கட்டிவிட்டீர்கள், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஒரு ஸ்வெட்டருக்கு கடை 1,500 தருகிறது, நூல் 450 என்று எழுதியிருக்கிறீர்கள். கையில் நிற்பது 1,050. அப்படியானால் மாதம் பின்னும் நான்கில் இரண்டரை ஸ்வெட்டர் அடகுக்கடைக்குத்தான் போகிறது. வளையலையும் வைத்தால் 40,000க்கு இன்னும் 600.

நூற்பதால் இது சரியாகுமா? ஒரு ஸ்வெட்டருக்கு 400 கிராம் நூல் வேண்டும். பழகிய கைக்கே நூற்று, இரட்டை இழையாக முறுக்கி எடுக்க 20 மணி நேரம் ஆகிவிடும். கழுவுவதும் சிக்கெடுப்பதும் தனி. கழுவினால் எண்ணெய்ப்பசையும் மண்ணும் போய், ஒரு கிலோ கம்பளியில் முக்கால் கிலோவோ அரைக் கிலோவோதான் மிஞ்சும். அந்தக் கம்பளிக்கும் காசு கொடுக்க வேண்டும். 450 ரூபாயில் 200 மிச்சம் என்றே வைத்துக்கொண்டாலும், மணிக்குப் பத்து ரூபாய். பின்னுவதிலேயே, ஒரு ஸ்வெட்டருக்கு 45 மணி நேரம் என்று வைத்தால், மணிக்கு 23 ரூபாய் வருகிறதே! நல்ல விலை போகும் கைநூல் வரும், ஆனால் முதல் வருடத்தில் வராது. ஆரம்பத்தில் நூல் ஓரிடம் கயிறு மாதிரியும் ஓரிடம் தலைமுடி மாதிரியும்தான் வரும்.

வட்டியில்லாத் தவணையும் வேண்டாம். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும், செயலாக்கக் கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் வந்து சேரும்.

அந்த 25,000ஐ ஆரத்தின் அசலில் கட்டுங்கள். மீதி 1,55,000க்கு நகைக்கடனை வங்கிக்கு மாற்றுங்கள். ஒன்பதரை சதவீதம் என்றால் மாத வட்டி சுமார் 1,230. இதுவரை கட்டிய அதே 2,700ஐ நீங்கள் கட்ட, கொழுந்தனார் 2,300 தர வேண்டும். மாதம் 5,000 கட்டினால் மூன்று வருடத்தில் ஆரம் வீட்டுக்கு வந்துவிடும். "சீசன் முடியட்டும் அண்ணி" என்று அவர் சொல்வார். மூன்று சீசன் முடிந்துவிட்டதே. உங்கள் கணவரையும் உட்கார வைத்து, இந்த 97,200ஐத் தாளில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். இன்னொரு எச்சரிக்கை. தங்கம் விலை ஏறியிருப்பதால், திருப்பி வைக்கப் போகும்போது "இன்னும் ஐம்பதாயிரம் வாங்கிக்கலாமே" என்று அடகுக்கடையில் ஆசை காட்டுவார்கள். தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள்.

நூற்கக் கற்றுக்கொள்ளவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையால் சுழற்றி நூற்கும் சின்னக் கருவியான தக்களி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கழுவிய கம்பளி அரைக் கிலோ போதும். மெரினோ ஆடு வளர்க்கும் மத்திய ஆராய்ச்சி நிலையம் உங்கள் பக்கத்து மன்னவனூரிலேயே இருக்கிறது, கம்பளியைப் பற்றி அங்கே விசாரியுங்கள். ராத்திரி அரை மணி நேரம் நூற்றுப் பாருங்கள். இழை அறுந்து தக்களி தரையில் விழுவது நின்ற பிறகு, அந்த நூலில் ஒரே ஒரு குல்லா பின்னி கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் என்ன விலை சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள், ராட்டையைப் பற்றி அப்போது பேசுவோம். அதற்கு முன் இன்றைக்கே அடகுச் சீட்டை எடுத்துத் தவணை தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பாவது வங்கிக்குப் போய்விட வேண்டும்.