கர்னல் நின்றுபோனால் கம்பைலரைக் குற்றம் சொல்லலாமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். எங்கள் லினக்ஸ் சர்வரைப் புதுப்பித்தபோது நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளையும் புதிய ஜிசிசி கம்பைலரால் (நிரலைக் கணினிக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) தொகுத்தார்கள். அதன்பின் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அடிக்கடி நின்றுவிடுகிறது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர், "கம்பைலர் பிழை, புது சர்வர் வாங்குங்கள்" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்காதீர்கள். பிழை கம்பைலரில் இருந்தால், அதே கம்பைலர் தொகுத்த டிரைவர் புது சர்வரையும் நிறுத்தத்தானே செய்யும்? இந்த ஆலோசனைக்குப் பின்னால் இருப்பது கமிஷன். டர்பனில் மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் நேரத்தில் எத்தனையோ இயந்திரங்கள் பழுதாகியிருக்கின்றன. அதைச் சாக்காக வைத்து நல்ல சர்வர்களையும் கழித்துக்கட்டுகிறார்கள்.

மெமரி பழுதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். மெம்டெஸ்ட் என்ற இலவசச் சோதனையை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் மெமரியை மாற்றுங்கள், அதை மட்டும்.

அது சுத்தமாக இருந்தால், கர்னல் நிற்கும்போது திரையில் வரும் முதல் பிழைச் செய்தியைப் படம் எடுங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் முதல் பிழையின் விளைவுகளே. அதில் 'டெயிண்டட்' (Tainted) என்ற சொல்லையடுத்து 'ஓ' (O) என்ற ஆங்கில எழுத்து இருந்தால், கர்னலின் மூல நிரலில் சேராத ஒரு டிரைவர் உள்ளே ஏறியிருக்கிறது. என் சந்தேகம் அதன்மேல்தான். கர்னலைத் தொகுத்த கம்பைலர் பதிப்பு எதுவோ அதைக் கொண்டே, பழைய கோப்புகளை அழித்துவிட்டு, டிரைவரை முதலிலிருந்து தொகுக்கச் சொல்லுங்கள்.

பழைய கம்பைலரால் கோளாறு மறைந்தாலும் புதியதுதான் குற்றவாளி என்று ஆகிவிடாது. 2009இல் லினக்ஸின் டன் (TUN) என்ற மெய்நிகர் நெட்வொர்க் டிரைவரில், ஒரு சுட்டியை (மெமரியில் ஓர் இடத்தின் முகவரி) பயன்படுத்திய பிறகுதான் அது வெறுமையானதா என்று சோதித்தார்கள். பயன்படுத்திவிட்டால் அது வெறுமையாக இருக்க முடியாது என்று சி மொழியின் விதிப்படி முடிவுசெய்த ஜிசிசி, அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. பாதுகாப்பு ஓட்டை திறந்தது. குற்றம் நிரலில்.

உண்மையிலேயே கம்பைலர் தவறியதும் உண்டு. 2014இல் ஜிசிசி 4.9.0 உருவாக்கிய கர்னல் நிரலில், ஸ்டாக் என்ற தற்காலிக மெமரிப் பகுதியில் இடம் ஒதுக்குவதற்கு முன்பே ஒரு மதிப்பு அங்கே எழுதப்பட்டது. அந்த நொடியில் ஓர் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைநிறுத்தும் குறுக்கீடு) வந்தால் அதன்மேல் வேறொன்று எழுதிவிடும். சாதாரணப் பயன்பாட்டு நிரலுக்கு அங்கே 128 பைட் பாதுகாப்பு உண்டு, கர்னலுக்கு இல்லை. இன்டரப்ட் சரியாக அந்த நொடியில் வந்தால்தான் சிக்கல் என்பதால், கோளாறு எப்போதாவது மட்டுமே தலைகாட்டியது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கம்பைலர் உருவாக்கிய அசெம்பிளி வரிகளை (கணினிக் கட்டளைகளின் எழுத்து வடிவம்) படித்து, நிரலின் எந்தச் சார்பில் (function) எந்தக் கட்டளை தவறு என்று சுட்டினார். கம்பைலர் பிழை என்று சொல்பவர் இந்த அளவுக்குக் காட்ட வேண்டும்.

டிரைவர் நிறுவனத்தைக் கேட்டால் உங்கள் கர்னல் எங்கள் ஆதரவுப் பட்டியலில் இல்லை என்பார்கள். விநியோகஸ்தரைக் கேட்டால், டிரைவர் நிறுவனத்தைக் கேளுங்கள் என்பார். வாடிக்கையாளரை இப்படிப் பந்தாடும் ஏற்பாடு பொறுக்கவே முடியாதது. அலையாதீர்கள். கர்னலோடு வரும் டிரைவர் உங்கள் கார்டுக்கு இருந்தால், வெளி டிரைவரை நீக்கிவிட்டு அதையே ஓட்டுங்கள். எங்கிருந்தோ வந்த 'திருத்திய கர்னல்' ஒன்றை ஒப்பந்தக்காரர் நிறுவ வந்தால், மூல நிரல் கையில் வராமல் சர்வரைத் தொடவிடாதீர்கள்.