பேனலை விடுங்கள், இணைப்பைப் பாருங்கள்

கேள்வி: மாடியில் சோலார் போட மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். மூன்றிலும் பேனல் பிராண்டு, வாட்ஸ், வாரன்டி என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. பாதுகாப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தீப்பிடிக்கும் என்று உறவினர் ஒருவர் வேறு பயமுறுத்துகிறார். நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

பதில்: உறவினரின் பயத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஜெர்மனியில் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் டியூவி ரைன்லாந்து என்ற பாதுகாப்புப் பரிசோதனை நிறுவனமும் சேர்ந்து சோலார் தீ விபத்துகளை ஆராய்ந்தன. அப்போது அங்கே சுமார் 13 லட்சம் சோலார் அமைப்புகள் இருந்தன. அவற்றில் சோலாரே காரணமாகி மூண்ட தீ 210 அளவில்தான். ஆனால் அவற்றில் கணிசமான பங்கு, பொருத்தியவர்கள் செய்த பிழை. அதனால்தான் பேனல் பிராண்டை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன்.

வீட்டுக்குப் போடும் ஒரு பேனல் 40, 50 வோல்ட் தரும். பத்தை வரிசையாகக் கோத்தால் 400 வோல்ட்டைத் தாண்டும், அதுவும் ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், எங்காவது பொறி கிளம்பினாலும் அணைய வாய்ப்பு உண்டு. டிசிக்கு அந்த இடைவெளியே கிடையாது. தளர்ந்த இணைப்பில் பொறி கிளம்பினால், வெயில் இருக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கலாம்.

எனவே முதல் கேள்வி, பேனல் வயர்களை ஒன்றோடொன்று மாட்டும் கனெக்டரைப் பற்றியது. சோலாரில் வழக்கமாக வரும் எம்சி4 வகை கனெக்டர் என்று விற்பதெல்லாம் ஒன்றோடொன்று 'க்ளிக்' என்று மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் ஒரு கம்பெனி, மறுபக்கம் இன்னொரு கம்பெனி என்றால் வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாது. ஆனால் உள்ளே உலோகமும் அளவும் சற்றே வேறுபடும். தொடர்பு சரியாக அமையாமல் சூடாகி, சில வருடங்களில் பிளாஸ்டிக் இளகும். இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே வகை என்று எழுதி வாங்குங்கள். அப்புறம், வயர் முனையைக் கனெக்டருக்குள் இறுக்குவதற்கென்றே உள்ள கிரிம்பிங் டூல் வைத்து அழுத்துகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சாதாரண கட்டிங் பிளேயரால் நசுக்கி மாட்டியதை நானே ஒரு மாடியில் பார்த்திருக்கிறேன். 'இத்தனை வருஷமா இப்படித்தான் சார் போடுறோம்' என்றார் அதைப் பொருத்தியவர்.

டிசி ஐசோலேட்டர், அதாவது பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் பெட்டி, எங்கே வரும் என்றும் கேளுங்கள். பிரிட்டனில் சோலார் தீ விபத்துகளை ஆராய்ந்தபோது அதிகம் பழுதானதாகத் தெரிந்தது அந்தப் பெட்டிதான். மழையும் வெயிலும் நேரே படும் இடத்தில் வேண்டாம்.

பேனலுக்கு அடியிலும் ஒரு கண் இருக்கட்டும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தட்டைக் கூரை மேல் பேனல் வைத்து எரித்துப் பார்த்தார்கள். பேனலுக்கும் கூரைக்கும் இடைவெளி குறைவாக இருந்தால், வெப்பம் மறுபடி கூரைக்கே திரும்பித் தீ வேகமாகப் பரவுகிறது. சருகு, பறவைக்கூடு, பழைய தார் ஷீட் எதுவும் அடியில் தங்க விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் வயரிங் வரைபடம், ஒவ்வொரு வரிசையின் வோல்ட் அளவு, இன்சுலேஷன் சோதனை (வயர் உறையில் மின்கசிவு உண்டா என்று பார்ப்பது) அளவு மூன்றும் காகிதத்தில் வேண்டும். ஐஇசி 62446 என்ற சர்வதேசத் தரநிலை கேட்பது இதைத்தான். முனகினால், முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டால் பேனல் வயரைத் தொடலாம்தானே?

பதில்: கூடாது. ஸ்விட்ச் வீட்டுக்குப் போவதைத்தான் நிறுத்தும். வெளிச்சம் இருக்கும் வரை பேனல் உயிரோடுதான் இருக்கும். தீயணைப்பு வீரர்களுக்காக அமெரிக்காவில் நடந்த சோதனையில், இரவில் தீயணைப்பு வண்டியின் விளக்கு வெளிச்சமே ஆபத்தான மின்சாரத்துக்குப் போதும் என்று தெரிந்தது. மேலே தார்ப்பாய் போட்டாலும் எல்லாத் தார்ப்பாயும் முழுதாக மறைப்பதில்லை. அங்கே கூரை வயர்களின் மின்னழுத்தத்தை 30 நொடியில் 80 வோல்ட்டுக்குள் இறக்கும் ஏற்பாட்டை விதியே கேட்கிறது. உங்கள் அமைப்பில் அப்படி ஏதும் உண்டா என்று விசாரித்து வையுங்கள். மாடி விளிம்பில் கயிறு இல்லாமல் யாரையும் ஏறவும் விடாதீர்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு சோலார் கிட் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ஏற்கெனவே ஒட்டி முடித்த பொம்மை கார் வேண்டாம். ஒரு வாரத்தில் மூலைக்குப் போய்விடும். பேனல், மோட்டார், வயர் தனித்தனியாக வருவதை வாங்குங்கள். 6 வோல்ட் பேனல் போதும், தொட்டாலும் ஷாக் அடிக்காது. கூடவே ஒரு சாதாரண மல்டிமீட்டர். உறையில்லாத லித்தியம் பேட்டரி வைத்த கிட் என்றால் தவிர்த்துவிடுங்கள், முனைகள் உரசினால் சூடாகிவிடும்.

வெயிலில் ஒரு தடவை, மேகம் மூடியபின் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். வோல்ட் கொஞ்சம்தான் இறங்கும், ஆம்பியர்தான் படுத்துவிடும். மேலே இருக்கும் இரண்டாம் கேள்விக்கான பதில் அந்த மீட்டரிலேயே தெரியும். அடுத்து பேனலில் கட்டம் கட்டமாகத் தெரியும் செல்களில் ஒரே ஒன்றை விரலால் மறைத்தால் மோட்டார் திணறும், சமயத்தில் நின்றேபோகும். ஒரு மரக்கிளையின் நிழல் மொத்த வரிசையையும் ஏன் பாதிக்கிறது என்று அவளே உங்களுக்குச் சொல்லித் தருவாள்.

எல்லாப் பிள்ளைகளும் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்தபடி ஒருமுறையாவது பேட்டரியில் குத்திப் பார்ப்பார்கள். மீட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் போகும். ஸ்பேர் ஃப்யூஸ் இரண்டு சேர்த்தே வாங்கி வையுங்கள்.