வாசகர் கேள்வி – பதில்: பாலின் கல்சியம் எங்கே போகிறது?

கேள்வி: மாட்டுப்பாலை இரண்டு தடவை பொங்கவிட்டே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். சட்டியின் அடியில் வெள்ளையாக ஒரு படை ஒட்டுகிறது. சவர்க்காரத்துக்கு அசையாத அது தேசிக்காய்ப் புளிக்குக் கழன்றுவிடுகிறது. பாலின் கல்சியம்தான் சட்டியோடு போகிறதா? (வாசகி, ஹட்டன்)

பதில்: கல்சியம் அதில் உண்டு, ஆனால் போவது சிறிதளவே.

ஒரு லீற்றர் பசுப்பாலில் ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. பொஸ்பேட்டும் தாராளமாக உண்டு. இவ்விரண்டும் இதே அளவில் வெறும் தண்ணீரில் சேர்ந்திருந்தால், கல்சியம் பொஸ்பேட்டாகி அடியில் படிந்திருக்கும். அதைத் தடுப்பது கேசீன் என்னும் புரதம். உருவாகத் தொடங்கும் ஒவ்வொரு கல்சியம் பொஸ்பேட் துணிக்கையையும் கேசீன் சூழ்ந்து பிடித்து, சில நனோமீற்றருக்கு மேல் வளரவிடாமல் வைத்திருக்கிறது. அத்தகைய துணிக்கைகளை நூற்றுக்கணக்கில் தாங்கிய கேசீன் உருண்டைகளே பாலில் மிதக்கின்றன. பாலின் வெண்மைக்கும் பெரும்பாலும் அவையே காரணம். கல்சியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவற்றினுள் இருக்க, எஞ்சியது நீரில் கரைந்திருக்கிறது.

சீனியைப் போலன்றி, கல்சியம் பொஸ்பேட் சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். ஆகவே பால் காயும்போது கரைந்திருந்ததில் ஒரு பகுதி உருண்டைகளுக்குள் சேர்ந்து, ஆறியதும் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. மிகச் சிறிதளவு மட்டும், சூட்டில் திரிந்த புரதத்தோடு சேர்ந்து சட்டியில் ஒட்டுகிறது. அதிலுள்ள தாதுப்பொருளைக் கரைக்க அமிலம் வேண்டும் என்பதால்தான் தேசிக்காய் பலிக்கிறது.

நோய்க்கிருமிகளை அழிக்க 72 பாகை செல்சியஸில் 15 விநாடிகள் போதும் என்பதே பால் பதப்படுத்துவோரின் அளவுகோல். நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது என்றாலும், அதுவே தாராளம். கறந்த பாலை ஒரு தடவை நன்றாகப் பொங்கவிட்டால் போதும்.

கேள்வி: துணியில் கட்டி வடித்த கெட்டித் தயிரில்தானே கல்சியம் கூடுதல்? (வாசகர், பண்டாரவளை)

பதில்: புரதம் கூடுதல், கல்சியம் அப்படியன்று. பால் புளிக்கையில் பீ.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடுதல்) 6.7 இலிருந்து 4.6 அளவுக்கு இறங்குகிறது. 5ஐ நெருங்கும்போதே உருண்டைகளுக்குள் இருந்த கல்சியம் பொஸ்பேட் அநேகமாக முழுவதும் கரைந்து நீரில் கலந்துவிடும். துணியிலிருந்து சொட்டும் அந்த இளமஞ்சள் நீரைக் கொட்டுவது, கல்சியத்தின் பெரும்பங்கைக் கொட்டுவதேயாகும். உப்புப் போட்டு மோராக அதைக் குடிக்கலாம். ரொட்டி மாவையும் அதிலேயே பிசையலாம்.