பாக்டீரியா நொதியால் கைட்டினைச் சர்க்கரையாக்கும் வினை பாதியிலேயே நின்றுவிடுவது ஏன்? நொதி கெட்டுவிட்டதா?

இறால், நண்டு ஓடுகளிலுள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலிதான் கைட்டின். இறால் அல்லது நண்டு ஓட்டுத்தூளில், அந்தச் சங்கிலியை வெட்டும் நொதியான கைட்டினேஸைச் சேர்த்து, சில மணி நேரத்தில் சர்க்கரை அளவு உயராமல் நின்றுபோனதைக் கண்டு கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அவசரப்பட்டு நொதியைக் கொட்டிவிடாதீர்கள், நான் கொட்டியவன்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது, கூழ்மக் கைட்டினைச் சிறப்பாகச் சிதைத்த அதே நொதி, ஓட்டுத்தூளில் ஏறத்தாழ ஒன்றும் செய்யவில்லை. நான் அதைச் சரியாகச் சேமிக்கவில்லை என்று மூத்தவர் ஒருவர் சொன்னதை நம்பி, நான்கு மாதங்கள் திரும்பத் திரும்ப நொதியைத் தூய்மைப்படுத்தினேன். குறை மூலப்பொருளில் இருந்தது. கூழ்மக் கைட்டின் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துக் குளிர்நீரில் வீழ்படிவாக்கப்படுவதால், அதன் படிக அமைப்பு முன்பே குலைந்திருக்கும். ஓட்டிலுள்ள ஆல்ஃபா கைட்டினிலோ, சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் அடுக்கப்பட்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகியிருப்பதால், நொதிக்குப் பிடிமானமே கிடைப்பதில்லை. கட்டுரைத் தலைப்பில் 'கைட்டின்' என்று மட்டும் எழுதிவிட்டு, அது கூழ்மக் கைட்டின் என்பதைச் செய்முறைப் பகுதியில் மட்டும் சொல்லும் வழக்கத்தின் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

கைட்டினைச் சிதைக்கும் செராஷியா மார்செசென்ஸ் பாக்டீரியா ஒரே நொதியை நம்பியிருப்பதில்லை. ஒரு கைட்டினேஸ் சங்கிலியின் ஒரு முனையிலிருந்தும், இன்னொன்று மறுமுனையிலிருந்தும், மூன்றாவது இடையிலும் வெட்டுகின்றன. இவற்றுடன் அது சுரக்கும் சிபிபி21 என்ற புரதம், படிகப் பரப்பையே ஆக்சிஜனேற்றத்தால் வெட்டும் நொதி என்று 2010இல் நிறுவப்பட்டது. அதற்குத் தாமிரமும், அஸ்கார்பிக் அமிலம் போல எலக்ட்ரான் தரும் ஓர் ஒடுக்கியும் வேண்டும். இவற்றுடன் சிபிபி21ஐச் சேர்த்த பிறகே என் ஓட்டுத்தூள் கரையத் தொடங்கியது. ஆனால் அஸ்கார்பிக் அமிலமே, சர்க்கரையை நிறமாற்றத்தால் அளக்கும் டிஎன்எஸ் சோதனையில் நிறம் காட்டும் என்பதால், நொதியில்லாத ஒப்பீட்டுக் குழாய் இல்லாமல் எந்த அளவீட்டையும் நம்பாதீர்கள்.

வினை நின்றுபோக இன்னொரு காரணமும் உண்டு. கைட்டினேஸ் பெரும்பாலும் கைட்டோபயோஸ் என்ற இரட்டைச் சர்க்கரையைத்தான் தருகிறது. அது சேரச்சேர நொதியையே தடுக்கிறது. அதை வெட்டும் கைட்டோபயேஸ் நொதியும் உடனிருந்தால்தான் அது என்-அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற ஒற்றைச் சர்க்கரையாகப் பிரியும்.

சூடான அடர் அமிலத்திலேயே எளிதாக முடித்துவிடலாமே என்று சிலர் மறுக்கக்கூடும். அமிலம் அசிட்டைல் தொகுதியையும் கழற்றிவிடுவதால், அங்கே பெரும்பாலும் கிடைப்பது குளுக்கோசமைன். அது போதுமென்றால் அவர்கள் சொல்வது சரிதான். எனக்கு அசிட்டைல் தொகுதி சிதையாத சர்க்கரை வேண்டியிருந்தது.

முதலில் உங்கள் நொதியை ஒரு குழாயில் கூழ்மக் கைட்டினுடனும், மற்றொன்றில் ஓட்டுத்தூளுடனும் வைத்துப் பாருங்கள். முதல் குழாயில் சர்க்கரை வந்தால் நொதியைக் குறை சொல்ல வேண்டாம்.