திருப்பூர் பனியன் கம்பெனி, டேஷ்போர்டு, டிசி தேதி: கேள்வி பதில்

பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஆர்டர் ரிப்போர்ட் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. நூல் வாங்குவதிலிருந்து தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறும் வரை, டேட்டாவைப் பார்த்துச் சட்டென்று முடிவெடுப்பது எப்படி என்று கேளுங்கள்.

சார், ரிப்போர்ட்டைத் திரையில் டேஷ்போர்டாகக் காட்டும் சாஃப்ட்வேரில் பவர் பிஐ நல்லதா, டேப்லோ நல்லதா?

எக்செல் இருக்கிறதல்லவா, அதில் ஆரம்பியுங்கள். பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம்தான், பொறுமையாகக் கற்றுக்கொள்ளலாம்.

டேஷ்போர்டில் எல்லாம் பச்சையாக (தாமதம் இல்லை என்று) இருக்கிறது, ஆனாலும் மாதம் ஒரு ஷிப்மென்டாவது கப்பலுக்குப் பதில் ஏரில் (விமானத்தில்) போகிறது. தப்பு எங்கே?

டையிங்குக்கு (சாயம் போட) போன துணியின் டிசியை, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலானை, உங்கள் ஆள் எந்தக் கிழமை என்ட்ரி போடுகிறார் என்று முதலில் பாருங்கள். நான் பார்த்த ஒரு கம்பெனியில் வாரம் முழுக்கச் சேர்ந்த டிசிக்களைச் சனிக்கிழமை சாயங்காலம் மொத்தமாக ஏற்றுவார்கள், என்ட்ரி போட்ட தேதியே சரக்கு போன தேதியாக விழும். செவ்வாய்க்கிழமை ஷேட் (சாய நிறம்) ஒத்துவராமல் திரும்பப் போன லாட்டைப் பற்றி முதலாளிக்குச் சனிக்கிழமைதான் தெரியும். அந்த நான்கு நாளைத் தையலில் ஓவர்டைம் போட்டுப் பிடிக்கப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் ஏர்தான்.

அப்புறம் இந்தச் சராசரி. ஐந்து லாட் 6, 6, 7, 7, 19 நாளில் திரும்பினால் சராசரி 9 நாள் என்று திரையில் வரும். சரியாக 9-ஆவது நாளில் ஒரு லாட்கூட வரவில்லையே! அந்த 19 எந்த யூனிட், எந்த ஷேட் என்று பிரித்துப் பாருங்கள்.

ஏஐ வைத்து அடுத்த சீசன் ஆர்டரைக் கணிக்கலாமா?

டிசி தேதி சரியாக விழுகிறதா? விழட்டும், பிறகு பேசலாம்.

2023 கடைசியில் செங்கடலை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல் போனதே, அதற்கு டேட்டா என்ன செய்யும்?

கப்பலை ஒன்றும் செய்யாது. எஃப்ஓபி ஆர்டரில் (சரக்கைக் கப்பலில் ஏற்றுவது வரைதான் நம் பொறுப்பு) கப்பல் வாடகை பையர் தலையில்தான், ஆனால் பயணம் நீண்டால் அவர் நம் ஷிப்மென்ட் தேதியை முன்னால் இழுப்பார். எந்த ஸ்டைலுக்குத் துணி கையில் இருக்கிறது, எதை முன்னால் தள்ளலாம் என்று அன்றைக்கே பட்டியல் எடுக்க முடிந்தால் போதும்.

ஸ்டாக்கை நூலாக வைப்பதா, கிரே துணியாகவா (பின்னி, சாயம் போடாதது)?

கிரே துணிதான் என்பேன். பெனட்டன் ஸ்வெட்டரைச் சாயம் போடாமல் பின்னி வைத்து, எந்த நிறம் ஓடுகிறது என்று பார்த்த பிறகு சாயம் போட்டது. நிட்டிங் நாட்கள் மிச்சம்.

அண்ணா, தப்புங்க. பின்னிவிட்டால் டயா (துணியின் அகலம்), ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எல்லாம் முடிவாகிவிடும். நூலாக இருந்தால் எந்த பையருக்கும் ஆகும்.

நியாயமான அடி. ஒரே பையர் திரும்பத் திரும்ப அதே துணியைக் கேட்டால்தான் என் பேச்சு நிற்கும்.

நூல் விலை இறங்கினால் இரண்டு பேருக்கும் நஷ்டம்தானே?

ஆமாம், இதில் கிரே துணிக்கு நிட்டிங் கூலியும் சேர்ந்து மாட்டும். சண்டை வேண்டாம், போன 12 மாத ஆர்டரைக் கவுண்ட் (நூலின் தடிமன்) வாரியாக, டயா வாரியாக எடுத்துப் பாருங்கள். மூன்று, நான்கு டயாவிலேயே பெரும்பகுதி வந்தால் அதை மட்டும் கிரேயாக வையுங்கள், மற்றது நூலாகவே கிடக்கட்டும். தம்பி சொன்னதில் பாதி ஜெயித்துவிட்டார்.

ஜிஎஸ்டி ரீஃபண்ட் எப்போது வரும்?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

சார், டேப்லோவா பவர் பிஐயா?

மேலே முதல் பதில். படித்துவிட்டு நேராக உங்கள் டிசி நோட்டைத் திறங்கள்.